அம்மா முகர்ந்த பாட்டில்கள்

மார்ச் 3

தம்பிக்கு,

நேற்று நீ போனை வைத்த வேகத்தில் அது உடைந்திருந்தால் அதற்கும் என்னைத்தான் காரணம் சொல்வாய். "இனிமே எதுவா இருந்தாலும் எழுது, உன் குரலக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்குது" என்றாய். எழுதுகிறேன். உன் ஊரிலிருந்து எங்கள் லேபுக்கு மாதிரிகளை எடுத்துவரும் வேன் தினமும் போய்வருகிறது. ஓட்டுநர் காலையில் இதை உன் கையில் கொடுப்பார், உன் பதிலை வாங்கிக்கொண்டு மாலைக்குள் வந்துவிடுவார். அவரைப் பிடித்துவைத்துக்கொண்டு உன் கதையைச் சொல்லாதே.

நீ கேட்காமலே வைத்துவிட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் கட்டடத்து மூன்றாம் மாடித் தையல்காரர் சனிக்கிழமை காலை ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். பக்கவாதம் என்று படுக்கவைத்தார்கள். மறுநாள் அவர் கடையில் காஜா எடுக்கும் பெண் வந்தாள். இமை தொங்குகிறது, நாக்கு குழறுகிறது, ஆனால் காய்ச்சல் இல்லை, புத்தி தெளிவாக இருக்கிறது. சின்னப் பெண்ணுக்கும் அவள் முதலாளிக்கும் அடுத்தடுத்த நாளில் பக்கவாதம் வருமா என்று அங்கிருந்த டியூட்டி டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. அந்தப் புண்ணியவதி எங்கள் உணவுப் பாதுகாப்புப் பிரிவுக்குப் போன் செய்தாள். எடுத்தது நான். இரண்டு பேரும் கடைசியாக ஒன்றாகச் சாப்பிட்டது என்ன என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை மதியம் ரொட்டியும் எண்ணெயில் போட்ட காளானும் என்றாள். பாட்டிலில் என்ன பெயர் என்றேன். "பேரு தெரியல மேடம், லேபிள்ல ஒரு மூக்கு படம் போட்டிருக்கு" என்றாள்.

அது அம்மாவின் மூக்கு என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் செய்ய வேண்டியதைச் செய்தேன். குளிர்கிடங்கிலிருந்து விஷமுறி மருந்தை அனுப்பச் சொன்னேன். நீ பாட்டில் போடும் கூடத்துக்குச் சீல் வைக்க உத்தரவு எழுதினேன். அதன் பிறகு மேலதிகாரி அறைக்குப் போய், அது என் தம்பியின் பாட்டில் என்றேன். அவர் கோப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். விசாரணை முடிகிறவரை உன் ஊர்ப் பக்கம் நான் வரவும் கூடாது. இன்று உன்னிடம் வரப்போவது என் பக்கத்து மேசைக்காரி. எங்கள் ஆபீசில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. அவளிடம் உன் வாய்ச்சவடால் செல்லாது.

நோயின் பெயர் போட்டுலிசம். உன் பாட்டிலில் இருந்தது உணவு விஷம். இரண்டு பேருக்கும் இப்போது வென்டிலேட்டர்தான் மூச்சு விடுகிறது. விற்ற காளான் பாட்டில் எல்லாவற்றையும் திரும்ப வாங்கு. யாரும் ஒரு துண்டுகூடத் தொடக்கூடாது.

அக்கா

மார்ச் 4

அக்காவுக்கு,

அக்கா என்று எழுதவே கை வரவில்லை. பழக்கதோஷம்.

உன் பூதக்கண்ணாடி நேற்று வந்தாள். கூடவே கையுறை போட்ட இரண்டு பேர். கரண்டி வைக்கும் இழுப்பறையைக்கூட விடவில்லை. அடுப்பைப் படம் எடுத்தாள், ஆவிப்பானையைப் படம் எடுத்தாள், ஜன்னலோரத்துத் தட்டில் அடுக்கியிருந்த பாட்டில்களுக்குப் பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினாள். போகும்போது ஷட்டரை இறக்கி, காகிதம் ஒட்டி, அரக்கு வைத்தாள். கட்டடமே படிக்கட்டில் நின்று வேடிக்கை பார்த்தது. கூடப் பிறந்தவள் கையெழுத்துப் போட்ட காகிதம் என் கடை ஷட்டரில் ஒட்டியிருக்கிறது. இதைவிட நீ நேரில் வந்து நாலு அறை விட்டுப் போயிருக்கலாம்.

நான் என்ன கண்ணை மூடிக்கொண்டா தொழில் செய்கிறேன்? ஒவ்வொரு பாட்டிலும் மூடி போட்டு, பானையில் கொதிக்கக் கொதிக்க ஒரு மணி நேரம் நிற்கிறது. கொதிக்கிற தண்ணீரில் எந்தக் கிருமி பிழைக்கும், நீயே சொல். போன வருஷம்வரை வினிகர் நிறையப் போட்டுக்கொண்டிருந்தேன். பல்லு கூசுகிறது, காளான் ருசியே தெரியவில்லை என்று வாங்குகிறவர்கள் எல்லோரும் சொன்னதால் குறைத்தேன். அதுவும் பேருக்குக் கொஞ்சம் போடுகிறேன். எல்லாவற்றுக்கும் மேல் அம்மா இருக்கிறாள். மேசைக் கடைசியில் அவளுக்கு ஒரு நாற்காலி. ஒவ்வொரு பானை இறக்கியதும் அதிலிருந்து ஒரு பாட்டிலைத் திறந்து அவளிடம் கொடுப்போம். அவள் முகர்ந்து, சரி என்று தலையாட்டினால்தான் லேபிள் ஒட்டுவோம். நம் சின்ன வயதில் பால் கெட்டுவிட்டதைப் படிக்கட்டில் வரும்போதே சொல்லிவிடுவாளே, மறந்துவிட்டாயா? இத்தனை வருஷத்தில் ஒரு புகார் வந்ததில்லை. தையல்காரர் வெளியில் வேறு எதையாவது சாப்பிட்டிருப்பார். அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் பாதி நாள் ஓடாது.

இருந்தாலும் நீ சொன்னாயே என்று கீழ்த்தளத்து நடையில் ஒரு மேசை போட்டு, பாட்டில்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதிவைத்தேன். ஜனங்கள் வருகிறார்கள். நீ நினைப்பதுபோல எல்லோரும் பயந்து நடுங்கவில்லை. முதலில் பாட்டிலை எடுத்துக்கொண்டு மேலே எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அம்மா திறந்து முகர்ந்து பார்க்கிறாள். "இதுல ஒண்ணும் இல்ல, தாராளமா சாப்பிடுங்க" என்று அவள் சொன்னால் திருப்தியாக எடுத்துக்கொண்டு போகிறார்கள். இன்னும் நாலு பேருக்கு நம்மேல் நம்பிக்கை மிச்சம் இருக்கிறது. அதாவது ஆறுதல்.

என் வீட்டுக்காரி என்னோடு பேசுவதில்லை. உன்னோடும் பேச மாட்டாளாம்.

தம்பி

மார்ச் 4, மாலை

அடே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், எதிர் மேசைக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்லி, வீடு வீடாக ஆள் அனுப்பி, பாட்டில்களைக் கீழ்த்தளம்வரை கொண்டுவரவைத்திருக்கிறோம். அதை அம்மா திறந்து பார்த்து, நல்லா இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தனுப்புகிறாள். நீ அதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, ஆறுதல் என்று எனக்கு எழுதுகிறாய். உனக்கு எதை எந்த மொழியில் சொன்னால் ஏறும்?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்கிறேன், கேள். இந்தக் கிருமி மண்ணில் இருப்பது. காளானோடு வந்துவிடும். அதன் விதை கொதிக்கிற தண்ணீரில் சாகாது. மற்ற கிருமியெல்லாம் செத்துப்போக, இது ஒன்று மட்டும் பிழைத்துக் கிடக்கும். காற்று இல்லாத இடம்தான் அதற்குச் சொர்க்கம். நீ மேலே எண்ணெய் ஊற்றிக் காற்றை அடைத்துக் கொடுத்தாய். புளிப்பு இருந்தால் வளராது. நீ வினிகரைக் குறைத்தாய். குளிரில் வைத்தால் தூங்கும். நீ ஜன்னலோரத்தில் வெயில்படும் தட்டில் அடுக்கினாய். மாமியார் வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு உபசாரம் நடக்காது.

அதைவிட முக்கியம், இந்த விஷம் சில சமயம் நாறும், பல சமயம் நாறாது. நிறம் மாறாது. ருசி மாறாது. அம்மாவின் மூக்குக்கு நானும் சாட்சிதான். பால், மீன், எண்ணெய், நீ ஒளித்துவைத்த சிகரெட், எல்லாவற்றையும் கண்டுபிடித்தவள். ஆனால் வாசனையே இல்லாத ஒன்றை எந்த மூக்கு கண்டுபிடிக்கும்? ஒரு பானையில் ஒரு பாட்டில் சரியாக இருக்கும், அடுத்த பாட்டில் ஆளைக் கொல்லும். தையல்காரர் வீட்டு ஃப்ரிட்ஜைக் குறை சொல்லாதே. அவருடைய மனைவி ஆஸ்பத்திரி நடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாளாம். தான் செய்த ரொட்டியில் ஏதோ கோளாறு என்று தன்னையே நொந்துகொண்டிருக்கிறாளாம். பூதக்கண்ணாடி சொன்னாள். உனக்கு வெட்கமாக இல்லை?

அம்மாவை அந்த வேலையிலிருந்து எழுப்பு. இன்றைக்கே. கதவைப் பூட்டிச் சாவியை நீ வைத்துக்கொண்டாலும் சரி.

அக்கா

மார்ச் 5

அக்கா,

அம்மாவை எழுப்புவதாம். நீ வந்து எழுப்பிப் பாரேன்.

உன் கடிதத்தைக் காட்டாமல், நீ சொன்னதை என் வார்த்தையில் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "வாசனையே இல்லாத விஷமா? அவ ஆபீஸ்ல உக்காந்து இதத்தான் படிச்சாளா?" என்றாள். அதற்குள் இரண்டாம் மாடி மின்வாரியக்காரர் பாட்டிலோடு வந்து நின்றார். அம்மா என்னைத் தள்ளிவிட்டு அதை வாங்கினாள். நான் தடுத்திருக்கலாம். அந்த ஆள் எதிரில் என் பாட்டிலை நானே பிடுங்கி எறிந்தால் என்ன அர்த்தம்? விஷம் என்று நானே ஒப்புக்கொண்டது மாதிரி ஆகாதா? நாளைக்கு லேப் ரிப்போர்ட் வந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னால் அப்போது என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வேன்? அதுவரை பொறுத்தால் என்ன என்றுதான் கேட்கிறேன்.

இங்கே இருக்கிற தொல்லை போதாது என்று மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன் வேறு ஏமாற்றிவிட்டான். போன மாதம் அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வாங்கினோமே, அது சரியில்லையாம். நேற்று சாயங்காலத்திலிருந்து எல்லாம் இரண்டாகத் தெரிகிறதாம். "ஒருத்தனப் பெத்துட்டுப் படற பாடு போதாதா, இப்ப ரெண்டு பேரா நிக்கிற" என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். தொண்டையும் சரியில்லை, வாய் காய்ந்துபோய் இருக்கிறது என்று தண்ணீராகக் குடிக்கிறாள். ஓயாமல் வருகிறவர்களிடம் பேசிப் பேசித்தான். கூட்டம் குறைந்ததும் கடைக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடியை மாற்ற வேண்டும்.

நீ ஷட்டரைத் திறக்க எப்போது சொல்வாய்?

தம்பி

மார்ச் 5, மாலை

தம்பி,

கண்ணாடியைத் தூக்கிப் போடு. கோளாறு கண்ணாடியில் இல்லை.

படித்ததும் உனக்குப் போன் செய்தேன். அணைத்துவைத்திருக்கிறாய். உன் வீட்டுக்காரி எடுக்கவில்லை. அம்மாவே கடைசியில் எடுத்தாள். "நல்லா இருக்கேன்டி, வை" என்றாள். மூக்கால் பேசுவதுபோல இருந்தது குரல். 'ர' வரவில்லை அவளுக்கு. வைத்துவிட்டாள்.

நான் ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் சொல். அவள் மூக்கோடு நிறுத்திக்கொள்கிறாளா? நமக்குச் சாப்பாடு போடும்போது அவள் எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்துப் பார். முதலில் முகர்வாள். பிறகு விரல் நுனியில் ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வைப்பாள். இத்தனை நாளாக அதை நான் முகர்வது என்றே நினைத்திருந்தேன், பார். எனக்கே இப்போதுதான் உறைக்கிறது. இந்த விஷத்துக்கு ஒரு சொட்டு போதும். அவள் எத்தனை பாட்டில் திறந்திருப்பாள்?

இரண்டாகத் தெரிவது, வாய் காய்வது, குரல் மாறுவது. தையல்காரரும் இதே வரிசையில்தான் போனார். அடுத்தது விழுங்க முடியாது. அதற்கடுத்தது மூச்சு. மருந்து இருக்கிறது, ஆனால் அது இருக்கிற இடத்தில் நோயை நிறுத்தத்தான் செய்யும், போனதைத் திருப்பித் தராது. சீக்கிரம் போட்டால்தான் பிரயோஜனம். பூதக்கண்ணாடியை ஒரு டாக்டரோடு உன் வீட்டுக்கு அனுப்புகிறேன். கதவைத் திறந்துவிடு. உன் காலில் விழுகிறேன், இதில் மட்டும் வீம்பு பண்ணாதே.

அக்கா

மார்ச் 6

அக்கா,

அவர்கள் வந்தார்கள், போனார்கள்.

அம்மா எழுந்து வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் வெயில் கண்ணாடி. டாக்டர் அதைக் கழற்றச் சொன்னார். கூசுகிறது என்றாள். நாக்கை நீட்டச் சொன்னார். "உங்க நாக்க நான் பாத்தேனா?" என்றாள். வாசலில் நின்ற நாலு பேர் சிரித்துவிட்டார்கள். புத்தி தெளிவாக இருக்கிறவர் வேண்டாம் என்றால் இழுத்துக்கொண்டு போக முடியாது என்று பூதக்கண்ணாடி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். ஆம்புலன்ஸைத் தெருமுனையிலேயே நிறுத்திவைத்திருப்பதாகவும், ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றும் சொன்னாள். அவள் கண் சிவந்திருந்தது. நீ சொன்ன அளவுக்குக் கெட்டவள் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், நாக்கில் வைத்துத்தான் பார்ப்பாள்.

காலையில் கஞ்சி குடிக்கும்போது மூக்கு வழியாக வந்துவிட்டது. அவசரமாகக் குடித்துவிட்டேன் என்று துடைத்துக்கொண்டாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கூப்பிட்டால் பதில் சொல்கிறாள், திறக்க மாட்டேன் என்கிறாள்.

நீ நினைக்கிறது சரியென்றால், தையல்காரரையும் அந்தப் பெண்ணையும் படுக்கவைத்தது நான். அம்மாவையும் நான். இதை நான் எப்படி வாயால் சொல்வது? லேப் ரிப்போர்ட் வரட்டும்.

தம்பி

மார்ச் 6, மாலை

தம்பி,

லேப் ரிப்போர்ட் வந்துவிட்டது. தையல்காரர் வீட்டுப் பாட்டில், உன் ஜன்னலோரத்துத் தட்டிலிருந்து எடுத்ததில் இரண்டு. மூன்றிலும் விஷம். இதற்குமேல் எதற்காகக் காத்திருப்பாய் என்று தெரியவில்லை.

எனக்கு உன்மேல் இருக்கிற கோபத்தை எழுதினால் வேன் கொள்ளாது. அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இப்போது நான் சொல்வதைக் கேள். அம்மாவுக்கு ஊசியைக் கண்டு பயம் இல்லை, ஆஸ்பத்திரியைக் கண்டு பயம் இல்லை. பிரசவ வலியோடு பஸ் ஏறிப் போய் உன்னைப் பெற்றவள். அவள் பூட்டிக்கொண்டு கிடப்பது உனக்காக. நீ பாட்டில் நல்ல பாட்டில் என்று சொல்லிக்கொண்டிருக்கிறவரை அவளுக்கு நோய் வர முடியாது. வந்தால் நீ பொய்யன் என்று ஆகிவிடும். அதனால் நோயே இல்லை என்று நடிக்கிறாள். நீ சொல்லாமல் அவள் அந்தக் கதவைத் திறக்க மாட்டாள். நான் சொன்னாலும் டாக்டர் சொன்னாலும் மந்திரியே வந்து சொன்னாலும் திறக்க மாட்டாள்.

நீ சொல். எல்லோர் காதிலும் விழும்படி சொல். உத்தரவு கிடக்கட்டும், வேலை போனால் போகட்டும், நாளை ராத்திரி வண்டியில் நானும் கிளம்புகிறேன். ஆனால் நான் வந்து சேர்கிறவரை அவளுக்கு மூச்சு நிற்காமல் இருக்க வேண்டும். அது உன் கையில்தான் இருக்கிறது.

அக்கா

மார்ச் 7

அக்கா,

நீ கிளம்பாதே. அம்மா அங்கேதான் வந்துகொண்டிருக்கிறாள். வேன்காரரை நிறுத்திவைத்துவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். திட்டாதே, அவரே நிற்கிறேன் என்றார்.

காலையில் உன் கடிதம் வந்தபோது அம்மா அறை வாசலில் நாலைந்து பேர் பாட்டிலோடு நின்றிருந்தார்கள். மின்வாரியக்காரர் தன் மச்சினியையும் கூட்டி வந்திருந்தார். அம்மா எப்போது கதவைத் திறப்பாள் என்று என்னைக் கேட்டார்கள். உள்ளே ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் குடித்துப் புரை ஏறி, இரும வலு இல்லாமல் இழுக்கிற சத்தம். என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். வந்த நாள் முதல் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நான் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னேன். "அம்மா, என் பாட்டில்லதான் விஷம் இருக்கு. வினிகரக் குறைச்சது நான். வெயில்ல வெச்சது நான். நீ மோந்து பாத்ததுல ஒரு தப்பும் இல்லம்மா, அதுக்கு வாசனையே கிடையாதாம். தையல்காரரப் படுக்க வெச்சது நான்தான்." மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது கத்திக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, மேல் மாடியிலிருந்தெல்லாம் ஆட்கள் இறங்கி வந்துவிட்டார்கள்.

தாழ்ப்பாள் உடனே திறந்தது. கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்திருக்கிறாள், அக்கா. ஒரு இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மற்ற இமை முழுக்க மூடியிருந்தது. குழறலாகத்தான் பேசினாள், ஆனால் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

"இதச் சொல்ல உனக்கு இவ்ளோ நாளாடா? ரெண்டு நாளாத் தெரியும் எனக்கு. நீ நல்லா இருக்குன்னு சொல்லிட்டு நிக்கிற. நான் போய் ஆஸ்பத்திரியில படுத்தா, பெத்தவளே காட்டிக் குடுத்துட்டான்னு பேச மாட்டாங்களா? வண்டியக் கூப்புடு."

தெருமுனையிலிருந்து வண்டி வர இரண்டு நிமிஷம் ஆகவில்லை. பூதக்கண்ணாடி படியில் ஓடி வந்தாள். இங்கேயே முதல் மருந்தை ஏற்றிவிட்டார்கள். இங்கே இருக்கிற இரண்டு வென்டிலேட்டரிலும் அந்த இரண்டு பேர் இருப்பதால் உன் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள். நானும் ஏறப்போனேன். அம்மா கையை ஆட்டித் தடுத்தாள். "நீ வராத. நான் நல்லா இருக்குன்னு சொல்லிக் குடுத்தனுப்பின பாட்டில எல்லாம் வீடு வீடாப் போய் வாங்கு. என்ன நம்பித் தின்னுடப் போறாங்க" என்றாள். அதன் பிறகு அவளால் பேச முடியவில்லை. என் வீட்டுக்காரிதான் கூட வருகிறாள்.

நான் இரண்டாம் மாடியிலிருந்து ஆரம்பிக்கிறேன். மின்வாரியக்காரர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மற்ற வீடுகளில் என்ன சொல்வார்களோ. சொல்லட்டும்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

தம்பி

மார்ச் 11

அக்கா,

எல்லாப் பாட்டிலும் வந்துவிட்டது. நாலாம் மாடியில் ஒரு வீட்டில் திறந்து தட்டில் போட்டுவைத்திருந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கொடுக்கலாம் என்று. தட்டோடு வாங்கிக்கொண்டு வந்தேன்.

சிலர் கதவைத் திறக்காமலே திட்டினார்கள். ஒரு அம்மாள் பாட்டிலை என் கையில் வைத்துவிட்டு, கையை என் எதிரிலேயே சோப்புப் போட்டுக் கழுவினாள். தையல்காரர் மனைவியை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். உங்கள் ரொட்டியில் எந்தக் குறையும் இல்லை, என் பாட்டில்தான் என்று சொன்னேன். ரொம்ப நேரம் அழுதாள். பிறகு, "இப்ப நீங்க எதுவும் பேசாதீங்க, அவர் எந்திரிச்சு வந்து பேசட்டும்" என்றாள். காஜா எடுக்கும் பெண்ணுக்கு நேற்றுக் குழாயை எடுத்துவிட்டார்கள், தானாக மூச்சு விடுகிறாள். தையல்காரர் இன்னும் அப்படியேதான் இருக்கிறார்.

கூடத்தின் பெயர்ப் பலகையை நானே இறக்கிவிட்டேன். நீ எழுதவே இல்லை. எழுதாமல் இருந்தால் நான் என்ன என்று நினைத்துக்கொள்வது? கெட்ட செய்தி என்றாலும் எழுது.

தம்பி

மார்ச் 12

தம்பி,

கெட்ட செய்தி இல்லை. எழுத நேரம் இல்லை, அவ்வளவுதான். கோபமும் கொஞ்சம் இருந்தது.

அம்மா வென்டிலேட்டரில்தான் இருக்கிறாள். மருந்து விஷத்தை அத்தோடு நிறுத்திவிட்டது. ஆனால் செயலிழந்த நரம்பெல்லாம் மறுபடி முளைத்து வர வாரக்கணக்கு ஆகும், மாசக்கணக்கும் ஆகலாம். வருவாள் என்று டாக்டர் சொல்கிறார். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் வந்திருக்க மாட்டாள் என்றும் சொன்னார். அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கடைசியில் ஒரு காரியம் உருப்படியாகச் செய்தாய்.

இந்த நோயில் உள்ள பெரிய கொடுமை என்ன தெரியுமா? உடம்பு மரக்கட்டை மாதிரிக் கிடக்கும், புத்தி மட்டும் முழு விழிப்பில் இருக்கும். நாம் பேசுவது ஒன்று விடாமல் அவளுக்குக் கேட்கிறது. முதல் நாள் இது தெரிந்தும் பக்கத்தில் உட்கார்ந்து அவளைத் திட்டித் தீர்த்தேன். கண்ணில் கண்ணாடி மாட்டிக்கொண்டு டாக்டரையே ஏமாற்றினாயே, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று. நான் பேசினால் பாதியில் வெட்டி, எனக்கே பாடம் எடுப்பாளே, ஒரு நாளாவது முழுசாகக் கேட்க மாட்டாளா என்று எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன். அன்றைக்கு முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு மூடிய இமைக்குக் கீழே கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட அவளால் முடியவில்லை. நான்தான் துடைத்துவிட்டேன். இனி என் ஆயுசில் அவளைத் திட்டுவேனா தெரியவில்லை. திட்டுவேன், அது வேறு விஷயம்.

இமையைத் தானாகத் தூக்க முடியாது என்பதால் நான்தான் விரலால் தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன், அவள் அறையைப் பார்க்கட்டும் என்று. நான் இல்லாதபோது உன் வீட்டுக்காரி பிடித்துக்கொள்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டோம், உன்னைத் திட்டுவதில் ஒத்துப்போகிறது.

இன்று உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நாலாம் மாடித் தட்டு, சோப்புப் போட்டுக் கழுவிய அம்மாள், தையல்காரர் மனைவி சொன்னது, எல்லாவற்றையும். இங்கே நர்ஸ் ஒரு முறை சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கையை அவள் கைமேல் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க வேண்டும், ஆமாம் என்றால் விரலை அசைக்கச் சொல்ல வேண்டும். நாலு நாளாகக் கேட்கிறேன், ஒரு விரலும் அசையவில்லை. இன்றும் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு, "அவன் மேல கோபமாம்மா?" என்று கேட்டேன். ஒன்றும் இல்லை. சும்மாதான் அடுத்ததையும் கேட்டுவைத்தேன். "அப்போ என் மேல கோபமா?"

ஆள்காட்டி விரல் அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்து, எனக்குச் சரியாகப் புரியவில்லையோ என்று நினைத்தாளோ என்னவோ, இன்னொரு முறையும் அசைந்தது.

நான் கத்தியதில் நர்ஸ் ஓடி வந்தாள், டாக்டரும் வந்தார். வலு திரும்ப ஆரம்பித்துவிட்டது என்றார். வார்டே சிரித்தது. விஷம் வைத்தவன் நீ. கோபம் ஷட்டருக்குச் சீல் வைத்தவள்மேல். இந்த வீட்டில் எனக்கு எந்தக் காலத்தில் நியாயம் கிடைத்திருக்கிறது?

பாட்டிலெல்லாம் வந்துவிட்டதல்லவா, கிளம்பி வா. அங்கே உட்கார்ந்துகொண்டு என்ன செய்கிறாய்? இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டிருக்கிறவளின் இமையை நானே எத்தனை நாள் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது? அவள் பார்க்க விரும்புகிற முகத்தைக் கொண்டுவந்து எதிரில் காட்டு.

அக்கா